படி

கேட் சாத்தி இருபது நிமிஷம்.
எனக்கு முன்னால் மன்னார்குடி பஸ்,
அதற்கு முன்னால் வைக்கோல் டிராக்டர்,
அதற்கும் முன்னால் இருப்பது தெரியவில்லை.
நீடாமங்கலம் ஸ்டேஷனில் கூட்ஸுக்கு நெல் ஏற்றுகிறார்கள்.
இஞ்சின் முன்னே போகிறது, பின்னே வருகிறது,
செருப்பை மாட்டிய பிறகும்
வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி.

போனில் பில் கிளார்க் அமிர்தகடேசன்:
"மேடம், திங்கட்கிழமையிலேருந்து தொங்குது.
மாவட்டம் பூரா தொங்குது."

ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போட்டு
சீட்டின் மேல் லேப்டாப்பைத் திறந்தேன்.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் எட்டிப் பார்த்தான்.
"ரயில் டிக்கெட்டா போடுறீங்க?"

இருபது இழைகள்.
இருபதும் ஒரே வரியில் நிற்கின்றன.
படி, என்கிறது அந்த வரி.
நெல் அளக்கிற படி இல்லை,
வாசி என்கிற படி.
எதை?
குறிச்சிமூலை கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதமானி சொல்லப்போகும் ஒரே ஓர் எண்ணை.

மானியின் வயரை எலி கடித்திருக்கிறது.
கடித்த சேதி இழைகளுக்குத் தெரியாது.
அங்கே பொத்தானை அழுத்தினார்கள், பதில் இல்லை,
மறுபடி அழுத்தினார்கள்.
அழுத்தலுக்கு ஓர் இழை
போய் அந்த வாசலில் நின்றது.
இருபதாவதும் போன பிறகு
வலங்கைமானுக்கு, கொரடாச்சேரிக்கு, முத்துப்பேட்டைக்கு
அனுப்ப ஆளில்லை.
பிராசஸரோ பூஜ்ஜியம் சதவீதம்.
சும்மா நிற்பவனின் களைப்பை
எந்த மீட்டரும் காட்டுவதில்லை.

முதலில் கூப்பிட்டுப் பார்த்தேன்.
தூங்குகிற இழை என்றால் எழுந்துவிடும்.
படிக்கப் போன இழை
கர்னலுக்குள் கழுத்தளவு இறங்கிவிட்டது.
அதன் முதுகில் ஒரு கொடியைக் குத்திவைக்கலாம்,
திரும்பி வந்தால் பார்க்கும்.
வந்தால்.

கொல்லவும் கூடாது.
மடியில் எந்தப் பூட்டின் சாவியோ.

மிச்சம் ஒரே வழி:
எந்த வாய் பேசும் என்று அது உட்கார்ந்திருக்கிறதோ
அந்த வாயை
வெளியே இருந்து வேறொருவர் அடைப்பது.
சாக்கெட்டை மூடினேன்.
முதல் இழை அலறிக்கொண்டு எழுந்தது,
திரை நிறைய, சிவப்பில், நாற்பது வரி.
"அய்யோ, என்னாச்சு?" என்றான் வெள்ளரிக்காரன்.
"நல்ல சேதிதான்."
இரண்டாவது. மூன்றாவது.
இருபது அலறல் முடிவதற்குள்
ரெண்டு பிஞ்சு தின்றிருந்தேன்.

அப்புறம் வாசலுக்கு வாசல் எழுதி வைத்தேன்:
பதினைந்து விநாடி.
அதற்கு மேல் யாருக்காகவும் நிற்காதே.
எழுதும்போது விரல் கொஞ்சம் தயங்கியது.
மஸ்கட்டுக்கு அனுப்பிய என் செய்தியில்
திங்கட்கிழமையிலிருந்து ஒற்றை டிக்.
அமிர்தகடேசனின் புகார் வந்ததும் அன்றைக்குத்தான்.
அதைத் திறக்காமல்
இதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எண்கள் வர ஆரம்பித்தன.
கொரடாச்சேரி, 15.9.
முத்துப்பேட்டை, 16.4.
வலங்கைமான், டோக்கன் நூற்றுப் பதினாலு, வைரக்கண்ணு,
18.1.

பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

போனை யாரோ கை மாற்றுகிற சத்தம்.
"நாலு ராத்திரி பனி, தாயி.
தார்ப்பாய்க்கு அடியிலயும் ஏறிருச்சு.
திங்கக்கிழமை குத்திப் பாத்தா பதினாறுதான் இருந்துது."
அவர் கோபமாகப் பேசியிருக்கலாம்.
"உங்க கையிலதான் எல்லாம் இருக்குன்னு
கிளார்க்கு சொல்றாரு.
ஏதாச்சும் பாத்து..."

அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
என்னால் மாற்ற முடியும்.
கூட்ஸ் ஒருமுறை ஊதியது,
கேட் தூக்குவது போல் இருந்தது, தூக்கவில்லை.
வெள்ளரிக்காரன் கூடையோடு பஸ் ஜன்னலுக்குப் போய்விட்டான்.

போனின் அந்தப் பக்கம்
மூச்சு மட்டும் கேட்கிறது.
என் வாய் திறக்கும் என்று
அங்கே ஒருவர் நிற்கிறார்.

பஸ்ஸின் பின்விளக்கு
சிமிட்டச் சிமிட்ட எண்ணுகிறேன்.
பதினொன்று.
பன்னிரண்டு.